கொடியைச் சட்டையாகத் தைத்துக்கொண்டவர்

போன ஜூலையில் அக்கா பையன் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தான். ஒன்பது வயது. வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, அவனுடைய டி-ஷர்ட் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டாள். நீலத் துணி. நெஞ்சில் பெரிய வெள்ளை நட்சத்திரம், அதற்குக் கீழே வயிறு வரைக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள்.

"இது அவுக ஊர்க் கொடிதானடா? கொடியப் போயா சட்டையில அடிச்சிருக்காங்க? தப்பில்லையா?"

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து என் பழைய காமிக்ஸ்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அது கொடி இல்ல பாட்டி. கேப்டன் அமெரிக்கா."

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அமெரிக்கக் கொடிச் சட்டத்தைத் தேடிப் படித்தால், கொடியின் எந்தப் பகுதியையும் வேஷ உடையாகவோ விளையாட்டுச் சீருடையாகவோ பயன்படுத்தக்கூடாது என்றே இருக்கிறது. மீறினால் தண்டனை எதுவும் கிடையாது, புத்திமதியோடு சரி. நம் ஊரில் கறார் அதிகம். 1971-ஆம் வருடத்துச் சட்டத்தை 2005-இல் திருத்தியபோதுகூட இடுப்புக்கு மேலே அணியலாம், இடுப்புக்குக் கீழே கூடாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். மீறினால் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். ஆக, பேண்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டுக்கொண்டு பறக்கிற ஒரு சூப்பர் ஹீரோவை மூவர்ணத்தில் உருவாக்க யாராவது ஆசைப்பட்டால், முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத் தையல்காரரிடம் போவது நல்லது.

எனக்குச் சின்ன வயதில் கேப்டன் அமெரிக்காவைப் பிடிக்காது. நான் வளர்ந்தது லயன், முத்து, ராணி காமிக்ஸில். இரும்புக்கை மாயாவி நிழற்படையின் ஏஜெண்ட், கரண்டில் கைவைத்தால் உடம்பு மறைந்து கை மட்டும் மிதக்கும். அவர் பிரிட்டிஷ்காரர் என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மாயாவி மாயாவிதான். முகமூடி வீரருக்குக் காடுதான் நாடு. ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) ஆரம்பத்தில் திருடன், அப்புறம் மனம் மாறியவர், எந்த நாட்டுக்காகவும் அவர் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிற பிளாட்பாரக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில காமிக்ஸ் ஒன்று மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது, அதில்தான் கேப்டன் அமெரிக்காவை முதலில் பார்த்தேன். சுதந்திர தின விழாவில் பாரத மாதா வேஷம் போட்டு மேடையில் நிற்கவைத்த பிள்ளை மாதிரி இருந்தார். இவர் எதற்காகச் சண்டை போடுகிறார் என்பது சட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, அப்புறம் கதையில் என்ன மர்மம்?

அந்தக் கருத்து மாற எனக்கு ரொம்ப வருடம் பிடித்தது. மாற்றியது சினிமா இல்லை. நான்கைந்து பழைய இதழ்கள்.

முதலில் அந்த முதல் அட்டையைச் சொல்ல வேண்டும். அட்டையில் போட்டிருக்கிற தேதி 1941 மார்ச், ஆனால் கடைக்கு வந்தது 1940 டிசம்பர் கடைசியில். விலை 10 சென்ட். கேப்டன் அமெரிக்கா பாய்ந்து வந்து ஹிட்லரின் தாடையில் குத்துகிறார், ஹிட்லர் பின்னால் சாய்கிறார், சுற்றி நிற்கிற நாஜி சிப்பாய்கள் சுடுகிறார்கள், குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. தரையில் அமெரிக்க வரைபடம், பக்கத்தில் நாசவேலைத் திட்டம் என்று தலைப்பு போட்ட காகிதம், பின்னால் ஒரு டிவி திரையில் அமெரிக்க வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்கிறார்கள். ஓர் அட்டையில் இவ்வளவு! இதைப் பார்க்கிற யாருக்கும் போர்க்காலப் பிரச்சாரம் என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேதியை இன்னொரு முறை பாருங்கள். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது 1941 டிசம்பர் 7. இந்த அட்டை வந்தபோது அமெரிக்கா போரிலேயே இல்லை, ஐரோப்பியச் சண்டை நமக்கு எதற்கு என்று நினைத்தவர்கள்தான் நாட்டில் அதிகம். அதாவது நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்த அந்த ஆள், நாடு அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத் திருப்பிச் சொல்ல வரவில்லை. நாட்டோடு வாக்குவாதம் பண்ண வந்தார்.

வரைந்தது ஜாக் கிர்பி, எழுதியது ஜோ சைமன். இரண்டு பேருமே யூதக் குடும்பத்துப் பையன்கள். கிர்பியின் சொந்தப் பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க், ஆஸ்திரியாவிலிருந்து வந்து நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு நெரிசலில் குடியேறியவர்களின் பிள்ளை. அந்தத் தெருக்களில் அடிதடியோடு வளர்ந்தவர், அதனால்தான் அவர் வரைகிற குத்து நமக்கே வலிக்கிற மாதிரி இருக்கும். இந்த இருவரும் உருவாக்கிய ஹீரோ யார்? மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக, ஹிட்லர் தன் மேடைகளில் கொண்டாடின மாதிரியே ஓர் ஆள். பட்டாளத்தில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்ட நோஞ்சான் பையனுக்கு மருந்து கொடுத்து அப்படி மாற்றுகிறவர் பெயர், முதல் கதையில், பேராசிரியர் ரெயின்ஸ்டீன். ஐன்ஸ்டீன் வாடை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இது நக்கலா, ஏக்கமா, இல்லை விற்பனைக் கணக்கா? மூன்றும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் விற்றது. கூடவே மிரட்டல் கடிதங்களும் வந்தன. நியூயார்க்கிலேயே ஹிட்லர் ஆதரவாளர்கள் நிறைய இருந்த காலம். 1939 பிப்ரவரி 20 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஜெர்மன் அமெரிக்க பண்ட் என்கிற அமைப்பு கூட்டம் போட்டபோது சுமார் இருபதாயிரம் பேர் திரண்டார்கள். அந்த மேடையின் புகைப்படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது: நடுவில் ஜார்ஜ் வாஷிங்டனின் ராட்சதப் படம், இரு பக்கமும் அமெரிக்கக் கொடிகள், ஸ்வஸ்திகா சின்னங்கள். அவர்களும் கொடியைத்தான் கட்டியிருந்தார்கள், அவர்களும் நாங்கள்தான் அசல் அமெரிக்கர்கள் என்றார்கள். அந்த ஊரில், அதற்கடுத்த வருடமே, இரண்டு யூதப் பையன்கள் அதே கொடியை எடுத்து வேறொருவனுக்குச் சட்டையாகத் தைத்துக் கொடுத்தார்கள். மிரட்டல்கள் வந்தபோது மேயர் லா கார்டியாவே போன் பண்ணி, நகரம் உங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னதாக சைமன் பின்னாளில் எழுதினார்.

(லாபத்தில் பேசிய பங்கைக் கம்பெனி ஒழுங்காகத் தரவில்லை என்று கணக்குத் தகராறு வந்து, பத்தாவது இதழோடு இரண்டு பேரும் வெளியேறிவிட்டார்கள் என்பது தனிக் கதை. சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள். தேசத்துக்கே ஹீரோ செய்து கொடுத்தவர்கள் வீட்டு வாடகைக்கு அல்லாடின கதை அந்தத் தொழிலில் நிறைய உண்டு.)

சரி, இதோடு நிறுத்தினால் அழகான கதையாக இருக்கும். அப்புறம் நடந்தது அவ்வளவு அழகில்லை. அமெரிக்கா போரில் இறங்கியதும் அதே காமிக்ஸ் வரிசையில் ஜப்பானியர்களைக் கோரைப் பல்லும் மஞ்சள் தோலுமாகப் பேய்களைப் போல வரைந்தார்கள். அட்டைக்கு அட்டை அதுதான். அதே சமயத்தில் ஜப்பானிய வம்சாவளிக்காரர்கள் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை அரசாங்கம் வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். வாசகப் பையன்களுக்கு 10 சென்ட்டுக்கு ஒரு பேட்ஜும் உறுப்பினர் அட்டையும் கொடுத்து, உள்நாட்டு ஒற்றர்களைப் பிடிக்க கேப்டனுக்கு உதவுவோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் யார் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிரு என்பதுதான் பத்து வயதுப் பையனுக்கு அதில் புரிந்திருக்கும். கிர்பி இதற்குள் பட்டாளத்துக்குப் போய், ஐரோப்பாவில் நிஜச் சண்டை போட்டு, பனியில் கால் விறைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

போர் முடிந்ததும் கேப்டனுக்கு மவுசு போய்விட்டது. 1953 கடைசியில் தூசி தட்டி மறுபடி கொண்டுவந்தார்கள். மெக்கார்த்தி காலம், கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலே வேட்டையாடின நேரம். இந்த முறை அட்டையில் அவருக்குக் கொடுத்த பட்டம் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவர். அவருடைய பெயரிலான புத்தகம் மூன்று இதழ் வந்தது, ஓடவில்லை, நின்றது. 1964-இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் திரும்பி வந்திருந்த கிர்பியும் சேர்ந்து, கேப்டன் போர் முடிகிற நேரத்தில் கடலில் விழுந்து பனிக்கட்டிக்குள் உறைந்துபோனார், இப்போதுதான் கண்விழிக்கிறார் என்று ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் 1953-இல் கம்யூனிஸ்டுகளை அடித்தது யார்? யாரும் கேட்கவில்லை. மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டார்கள்.

ஒருவர் மறக்கவில்லை. 1972-இல் கேப்டன் அமெரிக்கா எழுதும் வேலை ஸ்டீவ் எங்கல்ஹார்ட் என்ற இளைஞரிடம் வந்தது. பட்டாளத்தில் இருந்து, போர் என் மனசாட்சிக்கு ஒத்துவராது என்று சொல்லி வெளியே வந்தவர். வியட்நாம் எரிந்துகொண்டிருக்கிறது, கல்லூரிகளில் கொடி எரிகிறது, கடையில் இந்தப் புத்தகம் தூங்குகிறது. கொடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனை அப்போது எந்தக் கல்லூரிப் பையன் காசு கொடுத்து வாங்குவான்? எங்கல்ஹார்ட் செய்ததுதான் எனக்கு இந்த ஹீரோவைப் பிடிக்க வைத்தது.

அவர் அந்த 1953 ஆளைத் தேடி எடுத்தார். கேப்டன் அமெரிக்காவின் பரம பக்தன் ஒருவன், வரலாறு படித்தவன், பழைய நாஜி ஆவணங்களில் அந்த மருந்தின் சூத்திரத்தைக் கண்டுபிடிக்கிறான். முகத்தை அறுவை சிகிச்சையில் மாற்றி, பெயரையும் கேப்டனின் நிஜப் பெயரான ஸ்டீவ் ராஜர்ஸ் என்றே வைத்துக்கொண்டு, தானே கேப்டன் அமெரிக்கா ஆகிறான். ஆனால் மருந்தோடு தர வேண்டிய கதிர்வீச்சுச் சிகிச்சை அவனுக்குக் கிடைக்கவில்லை, மூளை மெல்லப் பிறழ்கிறது. பார்க்கிற இடமெல்லாம் கம்யூனிஸ்ட். கறுப்பின மக்கள் தெருவில் நின்றால் கம்யூனிஸ்ட். கடைசியில் அரசாங்கமே அவனைப் பிடித்து உறையவைத்துப் பூட்டி வைக்கிறது. 1972-இல் யாரோ எழுப்பிவிடுகிறார்கள், எழுந்தவன் நேராக நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்கிற ஹார்லெமுக்கு வருகிறான். அப்புறம் நிஜ கேப்டனும் அவருடைய தோழர் சாம் வில்சனும் அவனோடு மோதுகிறார்கள். ஒரே சட்டை, ஒரே முகம், ஒரே கொடி, இரண்டு பேர். அந்தச் சண்டைப் பக்கங்களில் யாரை யார் அடிக்கிறார்கள் என்று கண் ஒரு நொடி தடுமாறும். தன்னுடைய பழைய வெட்கக்கேடான இதழ்களை அச்சே ஆகாத மாதிரி மூடி வைக்காமல், அதையும் கதைக்குள் கொண்டுவந்து, அதுவும் நாம்தான் என்று சொன்ன காமிக்ஸ் வேறு எதுவும் அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த வருடம் வாட்டர்கேட் வெடித்தது, அதிபர் நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்த ஊழல். எங்கல்ஹார்ட் ரகசியப் பேரரசு என்று ஒரு சதிக் கும்பலைக் கொண்டுவந்தார். அவர்கள் கேப்டனைக் குண்டு போட்டு அழிக்கப் பார்க்கவில்லை, டிவியில் விளம்பரம் கொடுத்து அழிக்கிறார்கள். ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் கமிட்டி அமைத்து, இந்த முகமூடிக்காரர் சட்டத்தை மதிக்காதவர், இவரை நம்பாதீர்கள் என்று வீடு வீடாகப் பரப்புகிறார், ஜனங்களும் நம்புகிறார்கள். இன்றைக்குப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. கடைசிக் காட்சி 1974 ஜூலை தேதியிட்ட 175-ஆவது இதழில். கும்பலின் தலைவன் முகமூடியோடு ஓடுகிறான், கேப்டன் துரத்துகிறார், அவன் ஓடி நுழைகிற இடம் வெள்ளை மாளிகை. முகமூடியை உருவுகிறார். முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை, அதைப் பார்த்த கேப்டனின் அதிர்ச்சி மட்டும்தான் தெரிகிறது. அந்த மனிதன் அங்கேயே சுட்டுக்கொண்டு சாகிறான். யாரென்று பெயர் சொல்லவில்லை. நிக்சன்தான், வெளிப்படையாகப் போட்டால் கம்பெனி ஒப்புக்கொள்ளாது என்று நானே மறைத்தேன் என எங்கல்ஹார்ட் பின்னால் சொன்னார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி நிஜ நிக்சன் பதவி விலகினார்.

அதற்கப்புறம் கேப்டன் அமெரிக்கா ராஜினாமா செய்கிறார். நிஜமாகவே. இந்தச் சட்டையை இனி என்ன அர்த்தத்தில் போடுவது என்று தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார். சில இதழ்கள் கழித்து நோமேட் என்று வேறு பெயர், நாடில்லாதவன் என்கிற அர்த்தத்தில். புது உடை, நெஞ்சு திறந்த கருநீலம், மஞ்சள் அங்கி. அந்த வேஷத்தில் வந்த புதிதில் எதிரியைத் துரத்திப் பாய்கிறபோது, தன் அங்கியே காலில் சிக்கித் தடுக்கிக் கீழே விழுகிறார். நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கொடியைக் கழற்றிவிட்டால் நிம்மதி வரும் என்று பார்த்தால், கால் தடுக்குகிறது. கொஞ்ச நாளில் பழைய சட்டைக்கே திரும்பிவிட்டார், ஆனால் கழற்ற முடியும் என்பது அவருக்கும் நமக்கும் தெரிந்துபோயிற்று. 1987-இல் அரசாங்கக் கமிஷன் ஒன்று அவரைக் கூப்பிட்டு, பெயரும் கேடயமும் உடையும் எங்கள் சொத்து, எங்களுக்குக் கீழே வேலை பார் என்றபோது, அப்படியா, இந்தாருங்கள் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அரசு ஜான் வாக்கர் என்ற வேறொருவருக்கு அதே உடையைப் போட்டுவிட்டது. சூப்பர்மேன்கூட 2011-இல் ஒரு சிறுகதையில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கப் போவதாகச் சொன்னார், அதற்கே டிவி விவாதங்களில் கத்தினார்கள். ஆனால் அவர் வேற்றுக் கிரகத்துக்காரர், போக வேறு இடம் உண்டு. இவருக்கு நெஞ்சிலேயே நட்சத்திரம். மற்ற ஹீரோக்கள் தோற்பார்கள், சாவார்கள், திரும்பி வருவார்கள். ராஜினாமாவுக்கென்றே பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

எல்லா நாட்டுக்கும் இது அமைந்துவிடவில்லை. கனடாவில் நடந்தது வேடிக்கை. 1940 டிசம்பரில் அமெரிக்க டாலரை மிச்சம் பிடிக்க அரசு அத்தியாவசியமில்லாத சாமான்களின் இறக்குமதியைத் தடுத்தது, அதில் காமிக்ஸும் போயிற்று. சூப்பர்மேன் திடீரென்று கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் உள்ளூர்க்காரர்கள் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து ஆரம்பித்தார்கள். 1941 ஆகஸ்டில் நெல்வானா என்று வடதுருவ ஒளியிலிருந்து சக்தி பெறுகிற பெண், வொண்டர் வுமனுக்குச் சில மாதங்கள் மூத்தவர். வடதுருவப் பழங்குடிகளான இன்யூட் மக்களின் கதையிலிருந்து எடுத்த பாத்திரம். வரைந்த ஏட்ரியன் டிங்கிள் அவருக்குக் குட்டைப் பாவாடையும் வெள்ளைக்காரச் சாயலும் கொடுத்துவிட்டார். ஜானி கனக் என்ற இன்னொருவருக்கு எந்த சக்தியும் கிடையாது, வெறும் விமானி, ஆனாலும் ஹிட்லரை ஒரு கை பார்க்கிறார். அவரை உருவாக்கிய லியோ பாக்கிள் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். போர் முடிந்தது, அமெரிக்கக் கலர் புத்தகங்கள் திரும்பி வந்தன, கனடா ஹீரோக்கள் ஓரிரு வருடங்களில் காணாமல் போனார்கள். 1995-இல் கனடா தபால்துறை சூப்பர் ஹீரோ தபால்தலை வெளியிட்டபோது நெல்வானா, ஜானி கனக்கோடு சூப்பர்மேனையும் சேர்த்துக்கொண்டது, ஷஸ்டர் டொராண்டோவில் பிறந்தவர் என்ற உறவு முறையில். சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போனவர் வீட்டு மொய்ப் பணத்தைக்கூட விடாமல் எழுதிக்கொள்கிற மாதிரி.

இந்தக் கனடா சமாசாரத்தையெல்லாம் மாடியில் உட்கார்ந்து பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையில் லயன் காமிக்ஸ். கூர்மண்டை ஸ்பைடர் சிரித்துக்கொண்டிருக்கிற அட்டை.

"இவர் எந்த நாட்டு ஹீரோ மாமா?"

நான் திணறினேன். ஸ்பைடர் 1965-இல் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்தவர், அதன் பெயரும் லயன்தான். கதை நடப்பது நியூயார்க்கில். கொஞ்ச நாளில் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல், அந்த 130 டாலர் சீகல். அச்சடித்தது சிவகாசி. படித்தது நாங்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ உங்க ஊர் ஹீரோதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

அவனோடு எனக்கு நிஜமான சண்டை வந்தது வேறு விஷயத்தில். நான் பேச்சுக்கு நடுவே ஸ்டீவ் ராஜர்ஸ் என்றேன். "கேப்டன் அமெரிக்கா பேர் சாம்" என்றான். இல்லடா, சாம் தோழர், 1969-இல் ஃபால்கன் என்று வந்தவர், அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் காமிக்ஸில் முதல் ஆப்பிரிக்க அமெரிக்க சூப்பர் ஹீரோ அவர்தான் என்று நான் ஆரம்பிக்க, அவன் நிறுத்தினான். "மாமா, அது பழசு. இப்ப சாம்தான்." காமிக்ஸில் சாம் கேடயத்தை ஏந்தி 2014-லேயே ஆயிற்று, 2025-இல் சினிமாவிலும் வந்தாயிற்று. அவனுக்கு இதில் அதிசயமே இல்லை. அவன் வகுப்பில் ஹாலோவீனுக்கு அந்த உடை போட்டவர்களில் பாதிப் பேருக்கு மஞ்சள் முடி கிடையாதாம்.

அவனுக்கு அதிசயம் இல்லை என்பது எனக்கு அதிசயம். ஏனென்றால் 2003-இல் ராபர்ட் மொராலஸ் எழுதி கைல் பேக்கர் வரைந்த ஏழு இதழ் கதை ஒன்று வந்தபோது, படிக்குமுன்பே சண்டைக்கு வந்தவர்கள் நிறைய. அந்தச் சிப்பாய் மருந்தை முதலில் யார் உடம்பில் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் கதையின் கேள்வி. அலபாமாவின் டஸ்கீகியில் 1932-இலிருந்து 1972 வரை அரசு சுகாதாரத் துறை நானூறு பேர் வரைக்கும், எல்லாம் ஏழைக் கறுப்பின ஆண்கள், சிஃபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமலே, நோய் எப்படி முற்றுகிறது என்று உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் விடை ஊகிக்க முடியாததா? கதையில் கறுப்பினச் சிப்பாய்கள்மேல் மருந்தைச் சோதிக்கிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள், தப்பிப் பிழைக்கிற ஐசையா பிராட்லி கேப்டனின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜெர்மனிக்குள் போகிறார். திரும்பி வந்தவருக்குப் பதக்கம் இல்லை, உடையைத் திருடினாய் என்று சிறை, 17 வருடம். கடைசியில் ஸ்டீவ் அவர் வீடு தேடிப் போய் அந்தப் பழைய சட்டையைக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு போட்டோ. ஐசையா போட்டிருக்கிற கேப்டன் சட்டை கந்தல். மூளை கலங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிட்ட கிழவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

காமிக்ஸுக்கு வெளியேயும் ஒருவரைச் சொல்ல வேண்டும். நியூயார்க் கார்ட்டூனிஸ்ட் விஷவ்ஜீத் சிங். வாஷிங்டனில் பிறந்த சீக்கியர், 1984 சீக்கியர் படுகொலை நடந்தபோது டெல்லியில் இருந்து உயிர் தப்பியவர். இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு தலைப்பாகைக்காகத் தெருவில் வசவு வாங்கியவர். 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒரு வெள்ளை இனவெறியன் புகுந்து சுட்டான். அடுத்த கோடையில் இவர், தாடி, நீலத் தலைப்பாகை, அதில் ஏ எழுத்து, கையில் கேடயம், முழு கேப்டன் உடையில் மன்ஹாட்டன் தெருவில் இறங்கி நடந்தார். ஆள் வேறு ஒல்லி, மருந்து ஊசி போடுவதற்கு முந்தைய ஸ்டீவ் ராஜர்ஸ் மாதிரி. முந்தின நாள் வரை முறைத்துப் பார்த்த அதே ஊர் அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டது. மறுநாள் சாதாரணச் சட்டை போட்டால் மறுபடி முறைக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசுகிறார்.

எதிர்ப்பக்கமும் விட்டுவைக்கவில்லை. 2021 ஜனவரியில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்ததே, அந்தக் கூட்டத்தில் டிரம்ப் முகத்தை கேப்டன் அமெரிக்கா உடம்பில் ஒட்டிய படம் போட்ட டி-ஷர்ட்டும் தெரிந்தது. கிர்பியின் மகன் நீல் கிர்பி அதைப் பார்த்துக் கொதித்துப்போய் அறிக்கை விட்டார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அவர் கட்சிதான். ஆனால் அந்த டி-ஷர்ட்காரரும் காசு கொடுத்துதான் வாங்கியிருப்பார், 1953 இதழ்களைக் காட்டி இதுவும் உங்கள் கேப்டன்தானே என்று கேட்டால் எங்கல்ஹார்ட் மாதிரி ஒருவர்தான் பதில் சொல்ல முடியும்.

ஆகஸ்ட் கடைசியில் பையன் கிளம்பினான். பெட்டி எடை கூடிவிட்டது என்று அக்கா கடைசி நிமிடத்தில் எதையெதையோ வெளியே எடுத்துப்போட, அந்த நட்சத்திர டி-ஷர்ட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அக்குளில் வேறு கிழிந்திருந்தது, அடுத்த வருடம் அவனுக்குப் பற்றவும் பற்றாது.

எங்கள் வீட்டில் பழைய பனியன் எதுவும் வீணாகாது. நல்ல பருத்தியென்றால் அடுப்படியில் சட்டி இறக்கக் கரித்துணி, கொஞ்சம் மட்டமென்றால் தரை துடைக்க, அதுவும் நைந்தால் என் வண்டி துடைக்க. போன வாரம் கரித்துணி கருகிப்போய்விட்டது. இந்த டி-ஷர்ட்டைக் கிழித்துக்கொள்ளேன், துணி கனமாக இருக்கிறது என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொடி மாதிரி இருக்கு. அதப் போயி எப்படிடா அடுப்படியில போடுறது?"

"அது கொடி இல்லம்மா. அவனே சொன்னான்ல."

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, கிழிசலை உள்பக்கமாக மடித்து, பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கரித்துணிக்கு என்னுடைய சாம்பல் நிறப் பனியன் போயிற்று.